அணுக்கருவை ஆராய்ந்தவர்கள் ரேடார் செய்யப் போனது ஏன்?

கேட்கப்பட்ட கேள்வி இது: ரேடார் என்பது ரேடியோ பொறியாளர்களின் துறை. பெரிய நிறுவனங்களில் அனுபவசாலிகள் ஏராளமாக இருந்தார்கள். அப்படியிருக்க, இரண்டாம் உலகப் போர்க்கால நுண்ணலை ரேடாரைப் பற்றிப் பேசினால் பல்கலைக்கழக இயற்பியலாளர்களின் பெயர்களே ஏன் முன்னால் வருகின்றன? உண்மையிலேயே அவ்வளவு செய்தார்களா, அல்லது பின்னாளில் நோபல் பரிசு வாங்கியதால் அப்படித் தெரிகிறதா?

சுருக்கமாகச் சொன்னால், செய்தார்கள். ஆனால் அவர்களுக்கு ரேடியோ அதிகம் தெரிந்திருந்தது என்பதால் இல்லை. பெரும்பாலோருக்கு 1939இல் ரேடார் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவர்களிடம் இருந்தது வேறொன்று: வேண்டிய கருவி கடையில் கிடைக்காவிட்டால் தாங்களே செய்துகொள்ளும் பழக்கம், அப்புறம் 'இது எதற்கு?' என்று யாரிடமும் கேட்டுவிடும் துணிச்சல். அந்தப் பழக்கத்தை அவர்களுக்குக் கொடுத்தது அணுக்கரு ஆய்வுதான் என்பது என் கருத்து. விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நுண்ணலை, அதாவது சில சென்டிமீட்டர் நீளமே உள்ள குறுகிய ரேடியோ அலை, ஏன் தேவைப்பட்டது என்று பார்த்துவிடலாம். 1935 பிப்ரவரியில் ராபர்ட் வாட்சன்-வாட்டும் ஆர்னால்ட் வில்கின்ஸும் டேவென்ட்ரி அருகே செய்து காட்டிய சோதனையிலிருந்து வளர்ந்த 'செயின் ஹோம்' ரேடார்கள், பத்து மீட்டரை ஒட்டிய அலைநீளத்தில் இயங்கின. அவற்றுக்கு நூறு மீட்டருக்கும் உயரமான கோபுரங்கள் வேண்டும். இங்கிலாந்துக் கடற்கரையில் நின்று பகலில் வரும் விமானங்களைக் காண அது போதும். இரவில் வரும் குண்டுவீச்சு விமானத்தைத் தேடிப்போகும் போர்விமானத்துக்குள் ரேடாரை வைக்க வேண்டுமானால் கோபுரத்துக்கு எங்கே போவது? எட்வர்ட் போவன் ஒன்றரை மீட்டர் அலையில் விமான ரேடாரைச் செய்து முடித்திருந்தார். அது வேலையும் செய்தது. ஆனால் அதன் கற்றை மிக அகலம். பாதி ஆற்றல் தரையில் பட்டுத் திரும்பி வந்து, திரையை நிரப்பிவிடும். விமானம் 15,000 அடி உயரத்தில் பறந்தால், 15,000 அடிக்கு அப்பால் இருக்கும் எதிரி அந்தத் தரை எதிரொலிக்குள் மூழ்கிப்போவான்.

கற்றையின் அகலம், அலைநீளத்தை ஆண்டெனாவின் குறுக்களவால் வகுத்தால் வருவது. ஒன்றரை மீட்டர் அலையில் பத்து டிகிரி கற்றை வேண்டுமென்றால் எட்டு ஒன்பது மீட்டர் அகல ஆண்டெனா தேவை. பத்து சென்டிமீட்டர் அலையில் அதே கற்றைக்கு அறுபது சென்டிமீட்டர் கிண்ணம் போதும், விமானத்தின் மூக்குக்குள் அடங்கிவிடும். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பத்து சென்டிமீட்டரில் ஆயிரக்கணக்கான வாட் ஆற்றலை எப்படி உண்டாக்குவது என்பதுதான் தெரியாமல் இருந்தது. சாதாரண வெற்றிடக் குழாய்களில், எலக்ட்ரான் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அலை திசை மாறிவிடும். குழாயைச் சிறிதாக்கினால் சூடு தாங்காது.

இங்கே ஜான் காக்கிராஃப்டின் ஏற்பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் வால்ட்டனுடன் சேர்ந்து 1932இல் அணுக்கருவைப் பிளந்தவர் அவர். போர் தொடங்கும் நாட்களில், சுமார் எண்பது பல்கலைக்கழக இயற்பியலாளர்களை ரகசியமாகச் செயின் ஹோம் நிலையங்களுக்கு அனுப்பி, இதுதான் ரேடார் என்று காட்ட வைத்தார். மான்செஸ்டரில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்த பெர்னார்ட் லவல் அப்படித்தான் யார்க்‌ஷர் நிலையம் ஒன்றுக்குப் போனார். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மார்க் ஆலிஃபன்ட் தன் ஆட்களுடன் வைட் தீவில் உள்ள வென்ட்னர் நிலையத்தைப் பார்த்தார். ரதர்ஃபோர்டின் மாணவரான ஆலிஃபன்ட் அப்போது பர்மிங்ஹாமில், அணுத்துகள்களைச் சுழற்றி வேகப்படுத்தும் சைக்ளோட்ரான் ஒன்றைக் கட்டும் வேலையில் இருந்தார். அது அப்படியே நின்றது. கடற்படை அவரிடம் கேட்டது பத்து சென்டிமீட்டர் அலையை வலுவாக உண்டாக்கும் ஒரு கருவியை.

ஆலிஃபன்டின் நம்பிக்கை கிளைஸ்ட்ரான் மீது இருந்தது. 1937இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வேரியன் சகோதரர்கள் கண்டுபிடித்த குழாய் அது. மெல்லிய எலக்ட்ரான் கற்றை ஒரு ஒத்ததிர்வுக் குழியை (குறிப்பிட்ட அலைநீளத்தில் மட்டும் அதிரும் உலோகக் குழியை) கடக்கும்போது குழு குழுவாகச் சேர்ந்து, அடுத்த குழிக்கு ஆற்றலைக் கொடுக்கும். நல்ல கருவிதான். ஆனால் மெல்லிய கற்றையில் அனுப்பக்கூடிய மின்னோட்டம் குறைவு, அதனால் ஆற்றலும் குறைவு. குழுவின் முக்கியமானவர்கள் கிளைஸ்ட்ரானோடு மல்லுக்கட்ட, ஜான் ராண்டாலுக்கும் அவருடன் இருந்த இளைஞர் ஹாரி பூட்டுக்கும் கிடைத்தது ஓரமான வேலை: அலையை வாங்கிப் பார்க்கும் ஒரு சிறு குழாயைச் சோதிப்பது. ராண்டாலின் சொந்தத் துறை ஒளிரும் பொடிகள். ரேடியோ அல்ல.

வாங்கிப் பார்க்க வலுவான அலை எதுவும் இல்லாததால், இருவரும் தாங்களே ஓர் அலைமூலத்தை யோசிக்கத் தொடங்கினார்கள். மேக்னெட்ரான் என்ற பழைய குழாயில் நடுவில் எலக்ட்ரான்களை வெளிவிடும் சூடான கேத்தோடு, சுற்றிலும் அவற்றை இழுக்கும் உருளையான ஆனோடு, அச்சுக்கு இணையாகக் காந்தப்புலம். காந்தம் எலக்ட்ரான்களை வளைத்துச் சுழல வைக்கும். அதில் ஓடும் மின்னோட்டம் பெரிது, ஆனால் அலைநீளம் கட்டுக்குள் நிற்காது. கிளைஸ்ட்ரானில் குழிகள் அலைநீளத்தைப் பிடித்து நிறுத்தும், ஆனால் மின்னோட்டம் சிறிது. இரண்டையும் சேர்த்தால்? ராண்டால் ஹெர்ட்ஸின் பழைய கம்பி வளையத்தை மனத்தில் வைத்திருந்தார். ஒரு வெட்டுள்ள வளையம்தான் ஹெர்ட்ஸ் பயன்படுத்திய ஒத்ததிர்வி. அதையே நீளவாக்கில் இழுத்தால் பக்கத்தில் பிளவுள்ள ஒரு குழாய்த் துளை கிடைக்கும். தடித்த செம்புக் கட்டையில் நடுவே ஒரு பெரிய துளை, சுற்றி ஆறு சிறு துளைகள், ஒவ்வொன்றிலிருந்தும் நடுவுக்கு ஒரு பிளவு. எலக்ட்ரான்கள் சுழன்று போகும்போது அந்தப் பிளவுகளைக் கடக்கின்றன. குழிகள் அதிரத் தொடங்குகின்றன. அந்த அதிர்வு எலக்ட்ரான்களை ஆரக்கால் போலத் திரட்டுகிறது. திரண்ட ஆரங்கள் சுழன்று மேலும் ஆற்றலைக் குழிகளுக்குக் கொடுக்கின்றன. சூட்டைத் தாங்குவது கனமான செம்புக் கட்டை.

கொலம்பியா பல்கலைக்கழக இயற்பியலாளர் இசிடோர் ராபி இதை அமெரிக்காவில் முதன்முதலாகப் பார்த்தவர்களுக்குச் சொன்ன விளக்கம்: சும்மா ஒரு விசில் மாதிரிதான். பக்கத்திலிருந்த கோட்பாட்டாளர் எட்வர்ட் கான்டன், அப்படியானால் விசில் எப்படி வேலை செய்கிறது என்று திருப்பிக் கேட்டாராம். கேள்வி நியாயமானது. மேக்னெட்ரானுக்குள் எலக்ட்ரான்கள் என்ன செய்கின்றன என்ற முழுக் கணக்கு, கருவி போருக்குப் போன பிறகும் முடிந்திருக்கவில்லை.

1940 பிப்ரவரி 21 அன்று அது முதல்முறை இயங்கியது. முனைகளை அடைத்தது அரக்கு. வெற்றிடப் பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. ஆய்வக மின்காந்தம் ஒன்றின் நடுவில் செம்புக் கட்டை. வெளிவந்த ஆற்றலில் கார் முகப்பு விளக்குகள் எரிந்து கருகிப்போயின. அளந்து பார்த்தபோது சுமார் 400 வாட், அலைநீளம் 9.8 சென்டிமீட்டர். முதல் நாளிலேயே!

பர்மிங்ஹாமின் இதே இயற்பியல் துறையில் அப்போது நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. நாஜிகளிடமிருந்து தப்பிவந்த ஆட்டோ ஃபிரிஷ் பர்மிங்ஹாமில் இருந்தார். அவர் 'எதிரி நாட்டவர்' என்பதால் ரகசியமான ரேடார் வேலையில் சேர்க்கவில்லை. நேரம் இருந்தது. ருடால்ஃப் பையர்ல்ஸுடன் சேர்ந்து, யுரேனியம் 235 எவ்வளவு இருந்தால் வெடிக்கும் என்று கணக்கிட்டார். 1940 மார்ச்சில் எழுதிய அந்தக் குறிப்புதான் அணுகுண்டுத் திட்டத்துக்கே விதை. உயர்ந்த ரகசியமாக அப்போது கருதப்பட்டது ரேடார்தான். அணுக்கருவை யாரும் ரகசியமாக எண்ணவில்லை.

இப்போது நிறுவனங்களின் பங்கு. இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். அரக்கால் அடைத்த ஒரு சோதனைக் கருவியை விமானத்தில் ஏற்ற முடியாது. வெம்ப்ளியில் இருந்த, ஜி.இ.சி. என்ற மின்கருவி நிறுவனத்தின் ஆய்வகத்தைச் சேர்ந்த எரிக் மெகா அதை மூடிய குழாயாக்கினார். பிரான்சிலிருந்து மோரிஸ் பான்ட் 1940 மே மாதம், தன் நாடு வீழ்வதற்குச் சில வாரங்களுக்கு முன், கொண்டுவந்து கொடுத்த குழாயில் ஆக்சைடு பூசிய கேத்தோடு இருந்தது. மெகா அதைச் சேர்த்ததும் துடிப்பு ஆற்றல் பத்து கிலோவாட்டைத் தொட்டது. பெரிய மின்காந்தத்துக்குப் பதில் சிறிய நிலைக்காந்தம் போதுமானது. ராண்டாலும் பூட்டும் இல்லாவிட்டால் மெகாவுக்கு வேலை இல்லை. மெகா இல்லாவிட்டால் ராண்டால், பூட்டின் கருவி பர்மிங்ஹாம் மேசையிலேயே கிடந்திருக்கும். அடுத்த பெரிய திருத்தம் மீண்டும் பர்மிங்ஹாமிலிருந்தே வந்தது. மேக்னெட்ரான் ஓர் அதிர்வெண்ணிலிருந்து இன்னொன்றுக்குத் திடீரெனத் தாவிக்கொண்டிருந்தது. ஜேம்ஸ் சேயர்ஸ் 1941இல் ஒன்றுவிட்டு ஒன்றாக ஆனோடு துண்டுகளைச் செம்புக் கம்பியால் இணைத்தார். தாவல் நின்றது, ஆற்றலும் பல மடங்கு ஏறியது.

மேக்னெட்ரானைப் பற்றியே எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு அதற்குச் சமமாகப் பெறுநர் பக்கமும் வியப்பூட்டுவது. திரும்பிவரும் எதிரொலி மிக மெல்லியது. பத்து சென்டிமீட்டரில் அதைப் பிடிக்கச் சாதாரணக் குழாய்கள் உதவவில்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் ஸ்கின்னர், 1920களின் ரேடியோக்களில் இருந்த பழைய படிக முறைக்குத் திரும்பினார்: சிலிக்கான் துண்டின் மேல் ஒரு மெல்லிய டங்ஸ்டன் கம்பி. விரலால் தட்டித் தட்டி உணர்திறன் நன்றாக உள்ள இடத்தைத் தேடுவார். ஒரே ஆண்டெனாவை அனுப்பவும் பெறவும் பயன்படுத்த வேண்டும். பத்து கிலோவாட் துடிப்பு போகும்போது அந்தப் படிகம் பொசுங்கக் கூடாது, மறு நொடியின் மில்லியனில் சில பங்குக்குள் எதிரொலிக்கு வழி திறக்க வேண்டும். தாழ்ந்த அழுத்தத்தில் வாயு நிரப்பிய ஒரு குழி அந்தக் காவலைச் செய்தது. வலுவான துடிப்பு வந்தால் வாயு மின்னி வழியை அடைத்துவிடும், துடிப்பு நின்றதும் அணைந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் ஆய்வகத்துக்கும் இதில் பங்கு உண்டு.

இவற்றையெல்லாம் ஒன்றாக்கிய இடம் தெற்குக் கடற்கரையில் வொர்த் மாட்ராவர்ஸ். அங்கே கேவண்டிஷிலிருந்து வந்த ஃபிலிப் டீயும் லவலும் 1940 ஆகஸ்ட் 12 அன்று பத்து சென்டிமீட்டர் அலையில் ஒரு விமானத்தின் எதிரொலியைக் கண்டார்கள். மறுநாள், தகரத் தட்டு ஒன்றைப் பிடித்தபடி பாறைமுகட்டில் சைக்கிளில் போன உதவியாளரை ரேடார் பார்த்தது. பழைய ரேடாரில் தரைக்கு அருகே இருப்பது எதுவுமே தெரியாது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். இந்தக் கூட்டத்தில் ஆலன் ஹாட்கினும் இருந்தார். நரம்புகளை ஆராய்ந்த உடலியங்கியலாளர் அவர், 1963இல் நோபல் பெற்றவர். போரில் அவர் செய்தது ஆண்டெனாவைச் சுழற்றும் பொறியமைப்பு.

மேக்னெட்ரான் அமெரிக்கா போன கதை பலருக்குத் தெரியும். பிரிட்டனிடம் தொழிற்சாலை போதவில்லை. அரசின் அறிவியல் ஆலோசகர் ஹென்றி டிசார்டின் தூதுக்குழு 1940 ஆகஸ்ட் இறுதியில் லிவர்பூலிலிருந்து கப்பலேறியது. காக்கிராஃப்டும் போவனும் அதில் இருந்தார்கள். ரகசியங்கள் எல்லாம் ஒரு கறுப்புத் தகரப் பெட்டிக்குள். முந்தைய இரவு போவன் தங்கிய விடுதியின் பெட்டகத்துக்குள் அது நுழையவில்லை, கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். செப்டம்பர் 19 அன்று வாஷிங்டனில் ஒரு விடுதி அறையில், வங்கியாளரும் சொந்த ஆய்வகம் வைத்திருந்தவருமான ஆல்ஃபிரட் லூமிஸுக்கும் மற்றவர்களுக்கும் அதைக் காட்டினார்கள். அமெரிக்காவின் கடற்படையும் தரைப்படையும் நீண்ட அலை ரேடாரைத் தாங்களாகவே செய்திருந்தன. நுண்ணலையில்தான் முட்டிக்கொண்டு நின்றார்கள். பெல் ஆய்வகத்தில் அக்டோபர் 6 அன்று சோதனை வென்றது. பிறகு எக்ஸ்-கதிரில் பார்த்தால் குழாயில் எட்டுத் துளைகள், கொண்டுவந்த வரைபடத்திலோ ஆறு! மெகாவிடம் விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: அவர் ஆறு, ஏழு, எட்டு என்று துளைகளைக் கூட்டிப் பார்த்திருந்தார், பெட்டியில் வந்தது எட்டுத் துளைக் குழாய்.

சில வாரங்களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் ஒரு புதிய ஆய்வகம். பெயர் 'கதிர்வீச்சு ஆய்வகம்'. பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸின் சைக்ளோட்ரான் ஆய்வகத்துக்கும் அதே பெயர்தான். அங்கே நடப்பது போருக்குச் சம்பந்தமில்லாத அணுக்கரு ஆய்வு என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே அந்தப் பெயர். ஆனால் ஆட்களைப் பொறுத்தவரை பெயர் உண்மையாகவே இருந்தது. இயக்குநர் லீ டுபிரிட்ஜ், ராச்செஸ்டரில் சைக்ளோட்ரான் கட்டியவர். கொலம்பியாவிலிருந்து ராபி, பெர்க்லியிலிருந்து லூயிஸ் ஆல்வாரெஸும் எட்வின் மக்மில்லனும், ஹார்வர்டிலிருந்து கென்னத் பெயின்பிரிட்ஜ்.

கேள்வியின் மையத்துக்கு இங்கே பதில் இருக்கிறது. சைக்ளோட்ரான் என்பது வெற்றிடத்துக்குள் பெரும் ரேடியோ ஆற்றலும் பெரிய காந்தமும் அயனிகளின் சுழற்சியும் ஒன்றுசேரும் எந்திரம். துகள் எண்ணியின் சுற்றுகள் நொடியின் மில்லியனில் ஒரு பங்கு நீளத் துடிப்புகளை இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பவை. ரேடாரிலும் அதே நேர அளவுதான்: ஒரு மைக்ரோநொடி என்றால் 150 மீட்டர் தூரம். முப்பதுகளில் அணுக்கரு ஆய்வு செய்தவன் கண்ணாடி ஊதினான், உலோகம் கடைந்தான், பம்பில் ஓட்டை தேடினான், சுற்று கட்டினான். அவனுக்கு நுண்ணலை புதிது. அந்த வேலையின் ஒவ்வொரு துண்டும் பழகியது. நிறுவனப் பொறியாளர் ஆயிரம் குழாய் ஒரே மாதிரி வரச் செய்வதில் வல்லவர். இதுவரை இல்லாத ஒரே ஒரு குழாயை மூன்று வாரத்தில் எப்படியோ ஓடவைப்பது இவர்களின் கலை. 1941 ஜனவரி 4 அன்று எம்.ஐ.டி. கட்டடக் கூரையிலிருந்த ரேடார், சார்ல்ஸ் ஆற்றுக்கு அக்கரையில் பாஸ்டன் நகரக் கட்டடங்களின் எதிரொலியைக் காட்டியது.

இன்னொரு பழக்கமும் கூடவே வந்தது. கடற்படை அதிகாரிகள் இன்ன கருவி வேண்டும் என்று வந்து நின்றபோது, ராபி எதற்கு என்று கேட்டாராம். அதை வாஷிங்டனில் நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்றார்கள். அப்படியானால் விமானம் தெரிந்தவரையும் கப்பல் தெரிந்தவரையும் அழைத்து வாருங்கள், நாங்கள் இயற்பியல் தெரிந்தவரை உட்கார வைக்கிறோம், சேர்ந்து பேசலாம் என்று ராபி திருப்பி அனுப்பினார். அவர்கள் வந்தார்கள். இங்கிலாந்தில் ரேடார் ஆய்வு நிலையத்தின் தலைவர் ஏ.பி. ரோ ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்திய கூட்டங்களும் இப்படித்தான். விமானப் படைத் தளபதியும் இளம் ஆய்வாளரும் ஒரே மேசையில் வாதாடலாம். ஆராய்ச்சி மாணவனின் மனநிலையைப் படைக்குள் கொண்டுபோனதுதான் பெரிய சாதனை என்று நான் சொல்வேன்.

போரில் இதன் விளைவு இரண்டு வகை. அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் இரவில் மேலே வந்து மின்கலத்தை ஏற்றிக்கொள்ளும். அவற்றிடமிருந்த மெட்டாக்ஸ் என்ற பெறுநர், ஒன்றரை மீட்டர் ரேடார் வருவதை எச்சரிக்கும். பத்து சென்டிமீட்டர் அதற்குக் கேட்காது. 1943 மார்ச் முதல் அந்த ரேடாருடன் விமானங்கள் பிஸ்கே விரிகுடாவில் பறந்தன. மே மாதத்தில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகள் அழிந்தன, ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸ் மிச்சத்தை வட அட்லாண்டிக்கிலிருந்து விலக்கிக்கொண்டார். ரகசியக் குறியீடுகளை உடைத்தது, நெடுந்தூர விமானங்கள், துணைக் கப்பல்கள் எல்லாம் சேர்ந்த வெற்றி அது. ரேடார் ஒன்றே காரணம் என்பது மிகை.

மற்றது எச்2எஸ் என்ற ரேடார். மேகத்துக்கு மேலிருந்தே நகரத்தின் வடிவத்தைத் திரையில் காட்டும். 1942 ஜூனில் அதன் சோதனை விமானம் விழுந்து, ஆலன் பிளம்லைன் என்ற மேதையான மின்னணுப் பொறியாளர் உட்பட பதினொரு பேர் இறந்தார்கள். செம்புக் கட்டையை எந்த வெடியாலும் முழுதாக அழிக்க முடியாது, எதிரி கையில் சிக்கும் என்ற அச்சத்தால் மேக்னெட்ரானை ஜெர்மனிக்கு மேல் அனுப்பலாமா என்று நீண்ட வாதம் நடந்தது. சர்ச்சில் அனுமதித்தார். 1943 ஜனவரி இறுதியில் ஹாம்பர்க் மீது முதல் பயன்பாடு. சில நாட்களிலேயே ராட்டர்டாம் அருகே விழுந்த விமானத்திலிருந்து ஜெர்மானியர்கள் அதை எடுத்துவிட்டார்கள். அந்த ரேடாரின் துணையோடு வீசப்பட்ட குண்டுகள் நகரங்களில் பல்லாயிரம் குடிமக்களைக் கொன்றன என்பதையும் இந்தச் சாதனையோடு சேர்த்தே எழுத வேண்டும்.

இனி ஒரு நியாயமான ஆட்சேபம்: மேக்னெட்ரான் பர்மிங்ஹாமில் மட்டுமா பிறந்தது? இல்லை. ஜெர்மனியில் ஹான்ஸ் ஹோல்மன் 1935லேயே பல குழி மேக்னெட்ரானுக்குக் காப்புரிமை கேட்டார். சோவியத்தில் அலெக்செயெவும் மால்யாரோவும் சுமார் 9 சென்டிமீட்டரில் 300 வாட் எடுத்து, 1940இல் வெளிப்படையாகவே கட்டுரை எழுதினார்கள். ஜப்பானில் 1939லேயே பத்து சென்டிமீட்டரில் 500 வாட் தரும் கருவி இருந்தது. கருவி இருந்தும் எதிர்த்தரப்பால் அதைப் பெரிய அளவில் ரேடாராக்க முடியவில்லை. ஜப்பானில் தரைப்படையும் கடற்படையும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளவில்லை, விஞ்ஞானிகள் விளிம்பில்தான் வைக்கப்பட்டார்கள். டோமொனாகா போன்ற ஒரு பெரிய இயற்பியலாளர் மேக்னெட்ரானின் கோட்பாட்டை அழகாகக் கணக்கிட்டுக் கொடுத்தும் அது களத்துக்குப் போய்ச் சேரவில்லை. அதே காலத்தில் எம்.ஐ.டி.யில் ஜூலியன் ஷ்விங்கர், நுண்ணலையைக் கொண்டுசெல்லும் குழாய்களான அலைவழிகளின் கணக்கைச் செய்துகொண்டிருந்தார். அங்கே அது மறுவாரமே பட்டறைக்குப் போனது.

தோல்வியும் இருந்தது. கதிர்வீச்சு ஆய்வகம் இன்னும் நுண்ணிய படத்துக்காக 1.25 சென்டிமீட்டர் அலைக்கு இறங்கியது. காற்றிலுள்ள நீராவி 1.35 சென்டிமீட்டருக்கு அருகே அலையை உறிஞ்சும். ஈரமான காற்றில் அந்த ரேடாரின் பார்வை சுருங்கிவிட்டது. போர்க் கருவியாக அது வீண். ஆனால் அந்த உறிஞ்சலைக் கவனித்த சார்ல்ஸ் டவுன்ஸ், மிச்சமான 1.25 சென்டிமீட்டர் கருவிகளைக் கொண்டு அம்மோனியா மூலக்கூறை ஆராய்ந்தார். 1954இல் நுண்ணலையைப் பெருக்கும் மேசர் அங்கிருந்து வந்தது, பிறகு லேசர்.

1945 ஆகஸ்டில் கதிர்வீச்சு ஆய்வகத்தில் ஏறத்தாழ நான்காயிரம் பேர். நூறுக்கும் மேற்பட்ட ரேடார் வகைகள் அங்கே உருவாகியிருந்தன. ஆண்டு முடிவில் மூடினார்கள். ஆனால் கற்றதையெல்லாம் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ராபி வற்புறுத்தியதால், சிலர் தங்கி 28 தொகுதிகள் எழுதினார்கள். நுண்ணலைப் பொறியியல் படிப்பவர்கள் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார்கள். அப்படித் தங்கியவர்களில் எட்வர்ட் பர்செல், ராபர்ட் பவுண்ட், ஹென்றி டோரி மூவரும், எழுதும் வேலை போக மிஞ்சிய நேரத்தில் ஹார்வர்டுக்குப் போய், காஸ்மிக் கதிர் ஆய்வுக்கு முன்பு பயன்பட்ட பழைய காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஒத்ததிர்வுக் குழியில் கடையில் வாங்கிய பாரஃபின் மெழுகை நிரப்பி, காந்தப்புலத்தை மெல்ல மாற்றி, 1945 டிசம்பரில் புரோட்டான்களின் ஒத்ததிர்வைக் கண்டார்கள். போரின் பிற்பகுதியில் எதிரி ரேடாரை முறியடிக்கும் வழிகளை ஆராய்ந்த ஃபீலிக்ஸ் பிளாக்கும் ஸ்டான்ஃபோர்டில் தனியாக அதையே கண்டுபிடித்தார். பர்செலுக்கும் பிளாக்குக்கும் 1952இல் நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவமனைகளில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் இயற்பியல் இந்த இரண்டு சோதனைகளில் தொடங்குவதுதான்.